புதுசுன்னா யாருக்குப் புதுசு? ஒரு சின்னக் கடல்புழுவும் நம்ம முத்துக்கடலும்

1/
இது கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேஷுவாலிட்டி டூட்டி. நாற்பது வயசு மதிக்கத்தக்க சங்குகுளி அண்ணன் ஒருத்தர் வலது உள்ளங்கையை விரிச்சபடியே உள்ளே வந்தார். கை செக்கச்செவேல்னு வீங்கியிருக்கு. டார்ச் அடிச்சுப் பார்த்தா கண்ணாடித் தூள் மாதிரி என்னமோ மினுங்குது.

"எரியுது சார். தீக்கங்கைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

2/
கடற்கரை ஊர்ல வேலை பாக்குற டாக்டருக்கு இது பழகின காட்சிதான். உடம்பு முழுக்க முள்மயிர் உள்ள ஒரு வகைக் கடல்புழு. தொட்டா அந்த முள்மயிர் தோல்ல குத்தி ஒடிஞ்சு நின்னுடும்.

உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. தேய்ச்சா இன்னும் உள்ளே போகும். ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, ஒட்டு பிளாஸ்டரை மேல ஒட்டி உரிக்கணும். நாலஞ்சு தடவை செஞ்சா பெரும்பாலான முள் பிளாஸ்டரோட வந்துடும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவருக்கும் அதையே செஞ்சு, களிம்பும் அலர்ஜி மாத்திரையும் கொடுத்து, டிடி ஊசி ஒன்னு போட்டேன்.

3/
பாம்பு கடிச்சவங்க அடிச்ச பாம்பைப் பையில போட்டுக் கொண்டு வருவாங்கல்ல, அதே மாதிரி இவரும் இடது கையில ஒரு பிளாஸ்டிக் கவர் வச்சிருந்தார். உள்ளே ஒரு சிப்பிக் கொத்து. கையைக் குத்தின புழுவும் அதுலயே இருந்தது.

ஆனா அவர் எனக்குக் காட்ட நினைச்சது அதை இல்ல. ஒரு சிப்பியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். பளபளன்னு இருக்க வேண்டிய ஓட்டுல, கறுப்பா ஒரு கொப்புளம். கத்தி முனையால உடைச்சார். உள்ளே சேறு. சேத்துக்குள்ள ரெண்டு சென்டிமீட்டர் கூட இல்லாத, நூல் மாதிரி சிவப்பா ஒரு புழு.

"கையில குத்துனது எங்களுக்குத் தெரிஞ்சதுதான் சார். ஓட்டுக்குள்ள இருக்கு பாருங்க, இது புதுசு. எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. அவரு இதைச் சொன்னதே இல்ல."

4/
இது புதுசா?

என்கிட்ட பதில் இல்ல. பதினொன்னாம் வகுப்பு விலங்கியல்ல நீரிஸ் படம் வரைஞ்சு பாகம் குறிச்சதோட கடல்புழுவுக்கும் எனக்கும் உறவு முடிஞ்சது. எம்பிபிஎஸ்ல படிச்ச புழுவெல்லாம் மனுஷன் குடல்ல இருக்குற புழு.

அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச வாசிப்பு இன்னும் முடியல. வாசிச்ச வரைக்கும் புரிஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த இழை. "புதுசு"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. எனக்குப் புதுசா? இந்தக் கரைக்குப் புதுசா? அறிவியலுக்கே புதுசா? மூணுக்கும் பதில் வேற. பதிலுக்கு ஏத்த மாதிரி செய்ய வேண்டிய வேலையும் வேற.

5/
முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடுறேன்.

மண்புழு, அட்டை, இந்தக் கடல்புழுக்கள் எல்லாம் ஒரே பெருங்குடும்பம். உடம்பு கண்டம் கண்டமா இருக்கும். கடல்ல இருக்குற பெரும்பாலான வகைகளுக்கு ஒவ்வொரு கண்டத்துலயும் ரெண்டு பக்கமும் முள்மயிர்க் கொத்து உண்டு. இந்தக் கூட்டத்துக்குத்தான் பாலிகீட்டா, அதாவது 'பல முள்மயிர்'னு பேர். உலகத்துல பல்லாயிரம் இனங்கள் பேர் பெற்றிருக்கு.

அதுல ஓட்டைத் துளைச்சுக் குடியிருக்குற ஒரு வகை பாலிடோரா. சுரக்குற வேதிப்பொருளால ஓட்டைக் கரைச்சு, முள்ளால சுரண்டி, 'யூ' வடிவத்துல ஒரு குழாய் தோண்டும். ரெண்டு வாசல். தலைப்பக்கத்துல இருந்து ரெண்டு நீளமான உணர்விழைகளை வெளியே நீட்டி, தண்ணியில வர்ற துணுக்குகளைப் பிடிச்சுத் தின்னும்.

6/
கவனிங்க, இது சிப்பியோட சதையைத் தின்கிறதில்ல. வாடகைக்கு வந்தவர் சுவரைக் குடையுற கதைதான். ஆனா சுவர் இடிஞ்சா வீட்டுக்காரருக்குத்தானே ஆபத்து?

குழாய் ஓட்டோட உள்பக்கத்தை எட்டிப் பார்த்ததும் சிப்பி பதறிப்போய், முத்தை எதால செய்யுமோ அதே பொருளை அங்க பூசி அடைக்கும். பூச்சுக்கு அடியில சேறும் புழுவும் மாட்டிக்கும். அதுதான் அந்த அண்ணன் காட்டின சேத்துக் கொப்புளம். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சக்தி மராமத்துக்குப் போகுது. ஓடு பொறபொறன்னு ஆகுது. நண்டும் மீனும் சுலபமா உடைச்சுடும்.

7/
இப்ப வரலாறு. நம்ம கடல்ல புழுவைப் பத்தி முதன்முதலா யாருக்கு அக்கறை வந்தது? சத்தியமா புழு மேல உள்ள பாசத்துல இல்ல. கஜானா மேல உள்ள பாசம்.

16-ம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர், 1658-ல தூத்துக்குடியைப் பிடிச்ச டச்சுக்காரர், அப்புறம் ஆங்கிலேயர். ஆண்டவங்க எல்லாருக்கும் தூத்துக்குடின்னா முத்து. கடலுக்கடியில சிப்பி படிஞ்சிருக்கிற பாறைத் திட்டுகளை நம்ம ஆட்கள் 'பார்'னு சொல்வாங்க. தோலாயிரம் பார்னு பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. ஒரு வருஷம் அந்தப் பார் நிறையச் சிப்பி இருக்கும். அடுத்த தடவை போய்ப் பார்த்தா வெறும் மணல். எங்க போச்சுன்னு தெரியாது. வருமானம் போச்சே! அப்பத்தான் அரசாங்கத்துக்கு விஞ்ஞானி ஞாபகம் வரும்.

8/
1889-ல தூத்துக்குடி முத்துக்குளிப்பை நேர்ல பார்க்க ஒருத்தர் வந்தார். எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர். 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' எழுதின அதே தர்ஸ்டன்தான். மன்னார் வளைகுடாவோட முத்து, சங்கு, கடலுயிர்கள் பத்தி 1890-ல குறிப்புகள் வெளியிட்டார்.

அவர் மருத்துவம் படிச்சவர். சென்னை மருத்துவக் கல்லூரியில உடற்கூறியல் பாடமும் எடுத்திருக்கார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தக் கதையில நம்ம ஆட்கள், அதாவது டாக்டர்கள், அங்கங்க தலைகாட்டிட்டே இருப்பாங்க.

9/
வளைகுடாவோட அந்தப் பக்கம் இலங்கை. அங்கயும் 1891-க்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல முத்துக்குளிப்பே இல்ல. 1902-ல இங்கிலாந்தோட லிவர்பூல்ல இருந்து பேராசிரியர் ஹெர்ட்மேனை வரவழைச்சாங்க. துணைக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஹெர்ட்மேன் சில மாசத்துல ஊருக்குத் திரும்பிட்டார். ஹார்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார்.

கடலடியில கிடைச்சதெல்லாம் பாட்டில்ல போட்டு, ஒவ்வொரு கூட்டத்தையும் அதுல கைதேர்ந்த ஒருத்தருக்கு அனுப்பினாங்க. 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டி அதை ஐந்து பெரிய பாகங்களா வெளியிட்டது. முள்மயிர்ப் புழுக்கள் போனது கொழும்பு அருங்காட்சியக இயக்குநர் ஆர்தர் வில்லிகிட்ட. 1905-ல வந்த அவரோட அறிக்கையில ஒரு புதிய பாலிடோராவுக்கு அவர் வச்ச பேர் பாலிடோரா ஹார்னெலி. ஹார்னெல் பேரையே வச்சுட்டார்.

10/
அந்த ஹார்னெல் நமக்கும் வேண்டியவர்தான். 1905-லயே சென்னை அரசுக்காக இந்தியப் பக்கத்து முத்துக்குளிப்பு பத்தி அறிக்கை கொடுத்தார். பின்னால சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநரா இருந்தார். சங்கைப் பத்தி 1914-ல அவர் எழுதின புத்தகத்தை இன்னிக்கும் தேடிப் படிக்கிறவங்க உண்டு.

ஹெர்ட்மேனும் ஹார்னெலும் ஒரு விஷயத்துல தடம் மாறினாங்க. அதையும் சொல்லணும். முத்துக்குள்ள நாடாப்புழுவோட இளம்பருவத்தைப் பார்த்தாங்க. 'முத்து உருவாகக் காரணமே இந்தப் புழுதான்'னு முடிவு கட்டினாங்க. அது ஒட்டுண்ணிகள் கொடிகட்டிப் பறந்த காலம். 1897-ல தான் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கொசு வயித்துக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்திருந்தார். எதைப் பார்த்தாலும் ஒட்டுண்ணின்னு தோணுற நேரம்.

11/
உண்மைக் காரணம் எந்தச் சர்ஜரி மாணவனுக்கும் பழக்கமானது. தையல் ஊசி விரல்ல குத்தும்போது மேல்தோல் துணுக்கு ஒன்னு உள்ளே போய் மாட்டிக்கிட்டா, கொஞ்ச நாள்ல அங்க ஒரு கட்டி வரும். இம்ப்ளான்டேஷன் டெர்மாய்டுன்னு சொல்வோம். உள்ளே போன தோல் தன் வழக்கமான வேலையை உள்ளேயும் செய்யும்.

முத்தும் கிட்டத்தட்ட அதேதான். ஓட்டைச் சுரக்கிற மேலுறைத் திசு கொஞ்சம் உள்ளே நுழைஞ்சு ஒரு பை ஆகுது. அந்தப் பை தன் வழக்கப்படி ஓட்டுப்பூச்சைச் சுரக்குது. அடுக்கடுக்கா முத்து. புழு அங்க இருக்கலாம். ஆனா புழு இல்லாமலும் முத்து வரும்.

12/
இதைச் செஞ்சே காட்டினது நம்ம ஊர். தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1972-ல அங்க முத்து வளர்ப்புச் சோதனையைத் தொடங்கியது. கே. அழகர்சாமி தலைமையில, சிப்பிக்குள்ள ஒரு ஓட்டு மணியையும் கூடவே இன்னொரு சிப்பியோட மேலுறைத் துணுக்கையும் அறுவை செஞ்சு வச்சாங்க. 1973 ஜூலையில முழு உருண்டை முத்து கிடைச்சது. இந்தியாவுலயே முதல் தடவை.

கடல்ல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. அதுக்குப் பிறகு வேப்பலோடை முத்து எவ்வளவு பெரிய நம்பிக்கையா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

13/
அந்த நம்பிக்கையிலயும் ஓட்டை போட ஒருத்தர் வந்தார். யார்? நம்ம ஆள்தான்.

வேப்பலோடைப் பண்ணையில சிப்பிகள் ஏன் சாகுதுன்னு அழகர்சாமியும் செல்லமும் 1976-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. துளைக்கும் உயிர்கள் பட்டியல்ல ஒரு பாலிடோராவும் இருந்தது. அதுக்குக் கொடுத்த பேர் பாலிடோரா சிலியேட்டா.

இந்தப் பேர்லதான் கதையோட முடிச்சே இருக்கு.

14/
பாலிடோரா சிலியேட்டாங்கிற இனத்தை 1838-ல விவரிச்சவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கிற எல்லையில பெரிக்-அபான்-ட்வீட்னு ஒரு ஊர். அங்க டாக்டரா பிராக்டிஸ் பண்ணிக்கிட்டே கடல் உயிர்களைப் படிச்சவர். (சொன்னேன்ல, டாக்டர்கள் வருவாங்கன்னு!)

அது வடகடல். தண்ணியில கால் வச்சா விறைச்சுப் போகும். நம்ம மன்னார் வளைகுடா வெயில் காலத்துல வெந்நீர் மாதிரி இருக்கும். அங்க பேர் வச்ச புழுவும் இங்க ஓடு துளைக்கிற புழுவும் ஒன்னுதானா?

15/
வேப்பலோடை ஆய்வாளர்களைக் குறை சொல்ற உரிமை யாருக்கும் இல்ல. அன்னிக்கு உலகம் முழுக்க ஓடு துளைக்கிற பாலிடோராவுக்கு இந்தப் பேர்தான் ஓடிச்சு. கையில இருந்த புத்தகம் அப்படி.

பிரான்ஸோட அஞ்சேர்ல இருந்த பியர் ஃபோவெல் 1920-களில் தன் நாட்டுப் புழுக்களுக்கு ரெண்டு பெரிய நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தோட சேகரிப்பை 1930-லயும், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தோடதை 1932-லயும் பாட்டில்ல வச்சு ஆராய்ஞ்சு எழுதினார். 1953-ல இந்திய விலங்கின வரிசையில பாலிகீட்டா தொகுதியும் அவரோடதுதான். அபார உழைப்பு. நம்ம நாட்டுல கடல்புழு படிச்ச தலைமுறைகளுக்கு அதுதான் வேதம்.

ஆனா ஐரோப்பியப் புழுக்களைப் பார்த்துப் பழகின கண் அது. கொஞ்சம் ஒத்துப்போனா 'இது அதுவே, உலகம் முழுக்க இருக்கு'ன்னு எழுதுறது அன்னிக்கு வழக்கம். ஆஸ்திரேலியாவின் பாட் ஹட்சிங்ஸும் எலேனா குப்ரியானோவாவும் 2018-ல இந்த 'உலகம் முழுக்க இருக்குற புழு' உண்மையா கற்பனையான்னே தலைப்பு வச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க.

16/
'பேர்ல என்ன டாக்டர் இருக்கு, புழு புழுதானே'ன்னு நினைக்கிறவங்களுக்கு எங்க துறையில இருந்து ஒரு உதாரணம்.

நம்ம பாம்புக்கடி மருந்து நாலு பாம்புக்கானது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கேரளாவில சில நோயாளிகளுக்கு மருந்து ஏத்தியும் ரத்தம் உறையாமலே இருந்தது. கடிச்சது சுருட்டை விரியன்னு நினைச்சாங்க. கொண்டு வந்த பாம்புகளைச் சரியாப் பார்த்தப்ப அது ஹம்ப்-நோஸ்டு பிட் வைப்பர்னு வேற இனம். நம்ம மருந்து அதுக்கு வேலை செய்யாது. 2007-ல இது ஆய்விதழ்ல வெளியாச்சு.

அந்தப் பாம்பு புதுசா வந்ததில்ல. காலங்காலமா மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்ததுதான். தப்பான பேருக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தது. தப்பான பேர் ஆளைக் கொல்லும்.

17/
சரி, நம்ம புழுவுக்கு வருவோம். டிஃபரன்ஷியல் டயக்னோசிஸ் போடுற மாதிரி மூணு வாய்ப்பை எழுதுவோம்.

ஒன்னு: வேற கடல்ல இருந்து வந்த பழைய இனம்.
ரெண்டு: இங்கேயே பேர் பெற்று, மறந்து போன இனம். (ஹார்னெலியை ஞாபகம் இருக்கா?)
மூணு: இதுவரை பேரே இல்லாத இனம்.

பார்க்க மூணும் ஒன்னு போலவே இருக்கும். முதல் வாய்ப்புக்கும் மூணாவதுக்கும் நிஜத்துல நடந்த கதை ஒவ்வொன்னு சொல்றேன்.

18/
முதல் கதை. 1868-ல நேப்பிள்ஸ் வளைகுடாவில எட்வார்ட் கிளாப்பரேட் பாலிடோரா ஹோப்ளூரான்னு ஒரு இனத்தை விவரிச்சார். சுவிட்சர்லாந்துக்காரர். அவரும் மருத்துவம் படிச்சவர்தான்!

130 வருஷம் கழிச்சு, 1998-ல ஜப்பான்ல சாட்டோ-ஓகோஷி ஓடு துளைக்கிற ஒரு பாலிடோராவைப் புதிய இனமா அறிவிச்சார். பேர் பாலிடோரா அன்சினேட்டா. 2005-ல அது பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம், சிலி நாட்டுல கிடைச்சது. மனுஷங்க தெரியாம ஏத்திட்டுப் போனதுன்னு எழுதினாங்க.

2017-ல சாட்டோ-ஓகோஷி உள்ளிட்ட குழுவே உருவத்தையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டது. அன்சினேட்டாவும் ஹோப்ளூராவும் ஒன்னே! விதிப்படி முந்தி வச்ச பேர்தான் செல்லும். அன்சினேட்டா பேர் போச்சு. தான் வச்ச பேரைத் தானே திரும்ப எடுத்துக்கிட்டாங்க. எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடிச்சது.

19/
அடுத்தது இதுக்கு நேர் எதிர்க் கதை.

மார்ஃபைசா சாங்குவினியா. 1813-ல இங்கிலாந்தோட டெவன் கரையில ஜார்ஜ் மான்டேகு விவரிச்ச இனம். அவர் ராணுவ அதிகாரி. 1815-ல துருப்பிடிச்ச ஆணியை மிதிச்சு டெட்டனஸ் வந்து இறந்து போனார். (டிடி ஊசின்னா அலட்சியமா நினைக்கிறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.) அப்புறம் கிட்டத்தட்ட ரெண்டு நூற்றாண்டு, உலகத்துல எங்க இந்த ஜாடையில புழு கிடைச்சாலும் அவர் வச்ச பேர்தான்.

2003-ல ஹட்சிங்ஸ் குழு ஒரு மாதிரியை எடுத்து 'இதுதான் சாங்குவினியா, இனி இதோட ஒப்பிடுங்க'ன்னு நிறுவியது. அளவுகோல் கிடைச்சதும் ஒவ்வொரு நாட்டுலயும் புழுக்களை மறுபடி பார்க்க ஆரம்பிச்சாங்க. 2020-ல இந்திய, ஆஸ்திரேலிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தியாவில இருந்து ஒரு புதிய மார்ஃபைசாவை விவரிச்சாங்க. பேர் மார்ஃபைசா மதராசி. ஆமா, நம்ம பழைய மதராஸ்தான்.

20/
அப்போ ஒரு புழு புதிய இனம்தானான்னு எப்படி உறுதி செய்வாங்க?

முதல்ல உருவம். பாலிடோராவுல எல்லாரும் எண்ணிப் போற இடம் ஐந்தாவது கண்டம். மத்த கண்டத்தை விடப் பெருசு, அதுல தடித்த முள் வரிசை. அந்த முள்ளோட வடிவம், தலை அமைப்பு, வால் முனை, இதெல்லாம் ஒவ்வொன்னா அளந்து வரையணும்.

அடுத்து ஒப்பீடு. ஏற்கெனவே பேர் பெற்ற நெருங்கின இனங்களோட மூல மாதிரிகள் எந்த அருங்காட்சியகத்துல இருக்கோ, அதைப் பார்க்கணும். பாட்டில் கெட்டுப்போயிருந்தா, முதல்ல கிடைச்ச அதே ஊர்க் கடல்ல போய்ப் புதுசா எடுக்கணும்.

அடுத்து டிஎன்ஏ. கடைசியா, விளக்கம் எழுதி, பேர் வச்சு, ஒரு மூல மாதிரியை எல்லாரும் பார்க்கக்கூடிய சேகரிப்புல ஒப்படைச்சு, ஆய்விதழ்ல வெளியிடணும். அப்பத்தான் அது பேர். அதுவரை அது 'புதிய இனமா இருக்கலாம்'. செல்போன் போட்டோவைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

21/
'இவ்வளவு மெனக்கெட்டு என்ன ஆகப்போகுது?'ன்னு கேட்டா, ஜன்னலைத் திறந்து துறைமுகத்தைப் பாருங்கன்னு சொல்வேன்.

1974-ல பெருந்துறைமுகமான இடம். இன்னிக்கு வ.உ.சி. துறைமுகம். கப்பல் சமநிலைக்காக வயித்துல கடல்நீரை நிரப்பிக்கிட்டு வரும், சரக்கு ஏத்துற இடத்துல அதை வெளியேத்தும். அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகளும் வரலாம். கப்பலோட அடிப்பகுதியில ஒட்டின சிப்பியும் சும்மா வராது, குடித்தனக்காரரோடதான் வரும். இதைக் கட்டுப்படுத்தத்தான் 2004-ல உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்தது.

22/
இப்ப அந்த மூணு வாய்ப்பை மறுபடி பாருங்க.

புழு வெளியூர்க்காரர்னா, நாம பார்க்க வேண்டியது கப்பலையும், வேற ஊர்ல இருந்து கொண்டுவர்ற சிப்பிக் குஞ்சுகளையும்.

உள்ளூர்க்காரர்னா, கேள்வியே வேற. தாத்தா காலத்துல கண்ணுல படாதவர் இப்ப ஏன் பெருகினார்? சேறு கூடிச்சா? சிப்பி நலிஞ்சு போச்சா? இல்ல, முத்துக்குளிப்பு நின்ன பிறகு சிப்பியைத் திறந்து பார்க்கிற ஆளே குறைஞ்சு போச்சா?

வந்தவரை 'பழைய ஆள்தான்'னு விட்டுட்டா வாசலை அடைக்க மாட்டோம். இருந்தவரை 'வந்தவர்'னு சொன்னா, நம்ம தப்பை எல்லாம் கப்பல் மேல போட்டுட்டுத் தூங்கிடுவோம். எந்தப் பக்கம் தப்பினாலும் நஷ்டம் சிப்பிக்கும் அதை நம்பின குடும்பத்துக்கும்.

23/
இப்ப என் தப்பைச் சொல்லணும்.

அன்னிக்கு அந்தப் புழுவை எடுத்து என்ன செஞ்சேன் தெரியுமா? பயாப்சி எடுத்தா என்ன செய்வோமோ அதையே செஞ்சேன். ஃபார்மலின் பாட்டில்ல போட்டேன். கை தானா போச்சு.

மறுநாள் லேப்ல, மலேரியா ஸ்லைடு பார்க்கிற மைக்ராஸ்கோப்ல, டெக்னீஷியன் தம்பியோட சேர்ந்து கண்டம் எண்ணினோம். ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு... ஐந்தாவது கண்டத்துல தடித்த முள் வரிசை தெளிவாத் தெரிஞ்சது. ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்க மாதிரி குதிச்சோம். பாலிடோரா கூட்டம்தான்!

ஆனா எந்த இனம்? அதுக்கு டிஎன்ஏ வேணும். ஃபார்மலின் உருவத்தைக் காப்பாத்தும், டிஎன்ஏவைச் சிதைச்சுடும். ஒன்னை ஃபார்மலின்லயும் ஒன்னை நல்ல வீரியமான ஆல்கஹால்லயும் போட்டிருக்கணும். அதோட எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன தேதின்னு ஒரு சீட்டும் எழுதியிருக்கணும். நான் எழுதல. கேஸ் ஷீட்ல பிபி, பல்ஸ் எல்லாம் எழுதுற எனக்கு இது தோணவே இல்ல.

24/
ஒரு வாரம் கழிச்சு அந்த அண்ணன் கையைக் காட்ட வந்தார். வீக்கம் வடிஞ்சிருந்தது. "என்ன சார், புதுசா பழசா?"ன்னு கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிச்சார். அப்புறம் எந்தப் பார், கரையில இருந்து எந்தத் திசையில எவ்வளவு நேரம் ஓடினா வரும், எத்தனை பாகம் ஆழம், அன்னிக்குத் தண்ணி தெளிவா கலங்கலான்னு ஒன்னு விடாமச் சொன்னார். நான் எழுதாத சீட்டு முழுக்க அவர் தலைக்குள்ள இருந்தது.

ஹெர்ட்மேன், ஹார்னெல் பேர் எல்லாம் புத்தகத்துல இருக்கு. அவங்க பாட்டிலை நிரப்பக் கடலுக்குள்ள மூச்சைப் பிடிச்சு இறங்கின ஆட்கள் பேரை நான் வாசிச்ச எதுலயும் பார்க்கல.

25/
கடைசியா உங்களுக்கு மூணு வேண்டுகோள்.

சிப்பி, சங்கு, மீன்பிடித் தொழில்ல இருக்கிறவங்க, பழக்கமில்லாத எதையாவது பார்த்தா இடம், ஆழம், தேதி குறிச்சு வையுங்க. தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையமும் மீன்வளக் கல்லூரியும் இருக்கு. அங்க கொண்டு போய்க் காட்டுங்க.

இந்த இழையைப் படிச்சுட்டு யாரும் தீவுப் பக்கம் புழு தேடிப் போயிடாதீங்க. மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம எதையும் எடுக்கக் கூடாது.

முள்மயிர் குத்தினா பிளாஸ்டர். தேய்க்காதீங்க. டிடி ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆச்சுன்னு பாருங்க.

26/
அந்த அண்ணன் கிளம்பும்போது, "அடுத்த தடவை ஓட்டோட உயிரா கொண்டு வாறேன் சார். நீங்க அந்த இன்னொரு மருந்தை ரெடியா வையுங்க"ன்னார்.

என் டூட்டி ரூம் அலமாரியில இப்ப ரெண்டு பாட்டில் காலியா இருக்கு. ஒன்னுல ஃபார்மலின்னு எழுதியிருக்கேன், இன்னொன்னுல ஆல்கஹால். பக்கத்துல ஒரு பென்சிலும் வெள்ளைச் சீட்டும்.


– அரசு மருத்துவர், தூத்துக்குடி